குணங்குடியார் கண்ட காதலி

சூஃபி நெறியைப் பேசப் புகுவோர் பாரசீகத்து ரூமியை நாடிச் செல்கின்றனர். தமிழிலே அந்நெறியைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) அவர்களையோ, 'சமய ஒற்றுமைக் கவிஞர்' என்ற அடைமொழியோடு நாம் முடித்துவிடுகிறோம். தாயுமானவரைப் போல் அவரும் பராபரக்கண்ணி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். இவை பெருமைக்குரியனவே. ஆயினும் பாராட்டு வேறு, திறனாய்வு வேறு.

கம்பளியைக் குறிக்கும் 'சூஃப்' என்னும் அரபுச் சொல்லே சூஃபி என்றாயிற்று என்பர் பலர். எளிய கம்பளியுடை துறவின் அடையாளம். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து ராபியா அம்மையார், நரக அச்சமும் சுவர்க்க ஆசையும் கலவாத அன்பே உண்மை வணக்கம் என்றார். இறைநாமத்தை இடையறாது நினையும் திக்ரும், ஷைகு எனப்படும் குருவின் வழிகாட்டலும், 'நான்' அழியும் ஃபனா நிலையும் அவ்வன்பின் படிகள். பாக்தாதில் 1166இல் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் காதிரிய்யா மரபு தமிழகத்திலும் வேரூன்றியது. அப்பற்றிலே விளைந்தது மஸ்தானின் முகியித்தீன் சதகம்.

அவருடைய தனித்தன்மை மனோன்மணிக்கண்ணியில் விளங்குகிறது. ஆழ்வார்தம் அகப்பாடல்களில் இறைவன் நாயகன்; உயிர் நாயகி. குணங்குடியாரோ தாம் காதலனாகி, இறையைக் காதலியாக்கி ஏங்குகிறார். மனோன்மணி என்னும் பெயர் சைவரும் சித்தரும் வழங்கியது. இறையைக் காதலியாகக் காணும் உறவோ பாரசீகச் சூஃபிக் கவிதையில் பயின்றது. பெயரை மட்டும் பார்ப்பவர் 'ஒற்றுமை' என்று மகிழ்வர். உறவையும் பார்ப்பவரே கவிஞரைக் காண்பர். அவரை 'இசுலாமியத் தாயுமானவர்' என்பது புகழ்வதுபோல் குறைப்பதாகும்.

குறையும் உண்டு. அரபுச் சொற்கள் செறியுமிடங்களில் உரையின்றிப் பொருள் விளங்குவதில்லை. அதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் தொண்டன்று. நல்லுரை எழுதுவதே தொண்டு.

தாராவிக்கு அருகே மாகிமில், 1431இல் மறைந்த மக்தூம் அலி மாகிமி அடங்கியுள்ளார். திருக்குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை கண்ட சூஃபி அறிஞர் அவர். அத்தர்காவின் வாயிலில் நிற்கும் தமிழ்ப்பிள்ளைகள், அதே நெறி தம் தாய்மொழியிலும் பாடப்பட்டதென அறியாது வளர்வரேல், அக்குறை அவர்களுடையதன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் மேடையமைத்துத் தமிழ் வளர்க்கும் நம்முடையதே.