மூலிகையும் அதன் பிசினும்: ரோஸன்தாலின் நூல் குறித்து ஒரு மதிப்பீடு

தாம்பரம் முதல் வண்டலூர் வரையிலான புறநகர்ப் பகுதிகளில் மாணவர்களோடு உரையாடும் ஆசிரியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் வாதம் ஒன்றுண்டு: "கஞ்சா ஒரு மூலிகைதானே! சித்தர்களும் யூனானி ஹகீம்களும் கையாண்டதுதானே!" ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவ்வாதத்தை அடக்கிவிட முயல்கிறோம். நம் முன்னோரான ஃபுகஹாக்கள் அவ்வாறு அவசரப்படவில்லை. அவர்கள் நிகழ்த்திய நுட்பமான விவாதத்தை அறிய உதவும் நூல், ஃபிரான்ஸ் ரோஸன்தால் எழுதி 1971இல் லைடன் நகரில் வெளியான ‘தி ஹெர்ப்’ என்பதாகும்.

இப்னு கல்தூனின் முகத்திமாவை ஆங்கிலத்தில் தந்த இவ்வறிஞர், ஹஷீஷ் பற்றிய அரபுச் செய்யுள்கள், வரலாறுகள், ஃபத்வாக்கள் அனைத்தையும் சலித்துத் தொகுத்துள்ளார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ (இறப்பு ஹிஜ்ரி 794) இப்பொருள் பற்றி எழுதிய தனி நூலின் அரபு மூலத்தைப் பதிப்பித்து இணைத்திருப்பது அவர் செய்த பெருந்தொண்டு. தமிழக உலமாக்கள் அதற்காகவேனும் இந்நூலைத் தேடிப் படித்தல் வேண்டும்.

விவாதத்தின் மையம் இதுதான். மாலிகீ அறிஞர் கராஃபீ (இறப்பு ஹிஜ்ரி 684) மதுவையும் ஹஷீஷையும் வேறு வேறு வகையில் வைத்தார். ஹஷீஷ் அறிவைக் கெடுப்பது. ஆயினும் மதுவைப் போன்ற போதைப்பொருளன்று. ஆகவே அதற்கு ‘ஹத்து’ இல்லை, ‘தஃஸீர்’ தண்டனை மட்டுமே. அது நஜீஸும் அன்று. அறிவைப் பாதிக்காத சிறு அளவு தடுக்கப்பட்டதுமன்று. இப்னு தைமிய்யா (இறப்பு ஹிஜ்ரி 728) இதை முற்றாக மறுத்தார். அது போதைப்பொருளே, எனவே சிறிதும் பெரிதும் ஒன்றே, ஹத்தும் உண்டு என்றார்.

ரோஸன்தால் இவ்விரு தரப்பையும் நடுநிலையோடு எடுத்துரைக்கிறார். ஆயினும் ஒரு கேள்வியை அவர் போதிய அளவு தொடரவில்லை என்பது நம் கருத்து: இவ்வறிஞர்கள் தீர்ப்பளித்த பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது? எகிப்தில் தாம் கண்டதை எழுதிய மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் (இறப்பு ஹிஜ்ரி 646), ஃபகீர்கள் இலையை வேகவைத்துப் பிசைந்து உருண்டையாக்கியதையும், உலர்த்தி வறுத்து எள்ளும் சர்க்கரையும் சேர்த்து மென்றதையும் குறிப்பிடுகிறார். அன்றைய ஹஷீஷ் பெரும்பாலும் உண்ணப்பட்ட இலை. கராஃபீ பேசிய ‘சிறு அளவு’ இந்த இலையின் அளவே.

இலையிலிருந்து பிசினைப் பிரிக்கும் கலை வேறு. இமயமலைச் சாரலில் செடியின் பூங்கதிரை உள்ளங்கையால் தேய்த்து, ஒட்டும் பிசினைத் திரட்டினர், அதுவே சரஸ். மத்திய ஆசியாவின் யார்கந்தில் உலர்ந்த கதிரைச் சல்லடையில் சலித்துத் தூளாக்கினர். அச்சரக்கு லடாக் வழியே பஞ்சாபுக்கு வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷானஸி 1839இல் வெளியிட்ட ஆய்வில், தோலாடை அணிந்தோர் வயலினூடே ஓடி, ஆடையில் ஒட்டிய பிசினைச் சுரண்டியெடுத்த செய்தி உள்ளது. அவரோ சாராயத்தில் பிசினைக் கரைத்து மருந்துச் சாறு வடித்தார். உள்ளங்கை, சல்லடை, தோலாடை, வடிகலம் ஆகிய அனைத்தின் நோக்கமும் ஒன்றே: பெரிதைச் சிறிதாக்குதல். 1893-94இல் ஆராய்ந்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழுவும் பங்கி, கஞ்சா, சரஸ் என மூன்றையும் பிரித்தே நோக்கியது.

இன்றைய இந்தியச் சட்டமும் இதை உணர்ந்துள்ளது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், ஹஷீஷ் எண்ணெயையும் சரஸின் வரையறைக்குள் சேர்க்கிறது. 2001ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கஞ்சாவுக்கு 20 கிலோ ‘வணிக அளவு’. சரஸுக்கோ 1 கிலோ. செடி ஒன்றுதான், செய்முறை மாறியதும் அளவுகோலும் மாறுகிறது.

இவ்வாறு நோக்கின் கராஃபீயின் சலுகை தானே நின்றுவிடுகிறது. அறிவைப் பாதிக்காத வரை என்பது அவரே விதித்த நிபந்தனை. பிசினில் அந்தச் சிறு அளவு எங்கே எஞ்சுகிறது? இருவரும் சட்டத்தில் வேறுபட்டாலும், சாறாக்கப்பட்ட பொருளின் முன் அவர்களுடைய முடிவுகள் நெருங்கி வருகின்றன. தண்டனை பற்றிய கருத்து வேறுபாடு நீடிக்கலாம். தடை பற்றி ஐயமில்லை.

மருத்துவ வாதமும் இங்கே தெளிவடைகிறது. தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அது கற்பிக்கும் மருத்துவ மரபு கஞ்சாவை அறியும். நச்சுச் சரக்காகவே அறியும். அதற்குச் சுத்தி உண்டு, எடை உண்டு, மருத்துவரின் பொறுப்பு உண்டு. மருந்துச் சட்ட விதிகளின் நச்சுச் சரக்குப் பட்டியலிலும் சித்த மருத்துவப் பிரிவில் கஞ்சா இடம்பெறுகிறது. அழுகிய உறுப்பை வெட்டியெடுக்கும்போது மதுவல்லாத மயக்கமருந்தை அனுமதித்த ஷாஃபிஈ நூல்களின் பார்வையும் இதனோடு ஒத்ததே. தேவையின் எல்லைக்குள் நின்ற அனுமதியைப் பொழுதுபோக்கின் ஆதாரமாக்குவது, சித்தருக்கும் ஹகீமுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

ரோஸன்தாலின் உழைப்பு மதிக்கத்தக்கது. அவர் விட்ட இடைவெளியை நிரப்பும் கடமை அரபு மூலத்தைப் படிக்க வல்ல நம்முடையது. ஸர்கஷீயின் நூல் தகுந்த விளக்கத்துடன் தமிழில் வரவேண்டும். ‘மூலிகைதானே’ என்று கேட்கும் இளைஞனுக்கு மிரட்டலைவிட அந்த விவாதமே தக்க விடையாகும்.