பேரூராட்சிப் பால்வாடிகள்: நகரமா, கிராமமா?

பரமத்தி வேலூர் வட்டாரத்தில் வேலூர், பரமத்தி, பொத்தனூர், பாண்டமங்கலம், வெங்கரை எல்லாமே பேரூராட்சிகள். அரசு ஏட்டில் இவை நகர்ப்புறம். ஆனால் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தென்னையும்தான் இங்கே பலருக்குப் பிழைப்பு. முன்பருவக் கல்வியில் நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இத்தகைய ஊர்களைக் கவனிப்பதே இல்லை. குறை அதிகம் தெரிவதோ இங்கேதான்.

மற்ற அரசு வசதிகள் பெரும்பாலும் நகரத்துக்கு வந்து, பிறகு கிராமத்துக்குப் போகும். அங்கன்வாடி எனப்படும் பால்வாடி அப்படி வரவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று, பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கியபோது, அவற்றில் நகர்ப்புறம் 4 மட்டுமே. எம்.ஜி.ஆரின் சத்துணவும் 1982 ஜூலையில் கிராமங்களில் தொடங்கி, செப்டம்பரில்தான் நகரங்களுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கூலிக்குப் போகும் தாய் பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல ஓர் இடம், சூடான சோறு, முட்டை, சத்துமாவு: இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வீட்டுக்கு அருகிலேயே மையம் இருப்பது பால்வாடித் திட்டத்தின் பெரிய பலம்.

கட்டடம் என்று வரும்போது நகரம், கிராமம் என்ற அந்த ஏட்டுப் பிரிவு குறுக்கே நிற்கிறது. கிராம ஊராட்சிகளில் நூறு நாள் வேலைத் திட்ட நிதியையும் சேர்த்து அங்கன்வாடி கட்ட வழி செய்தார்கள். ஊரக மக்களுக்கான அத்திட்டம் பேரூராட்சிக்குப் பொருந்தவில்லை. ஒரே வாய்க்கால் தண்ணீரில் பிழைக்கும் இரண்டு ஊர்களில், ஒன்றுக்கு இருந்த நிதிவழி மற்றொன்றுக்கு இல்லை. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கல்வியின் நிலை இன்னும் கவலை தருகிறது. தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில், பள்ளி வேன் வரும் தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீருடை வாங்கிவிடுகிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களும் தனியார் பள்ளி அருகில் இருப்பவர்களுக்கே எளிதாகக் கிடைக்கின்றன. அரசு 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. தொடக்கப் பள்ளி மட்டுமே உள்ள சிற்றூர்களுக்கு அதனால் பயனில்லை. 2022-இல் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் நிலை வந்து, எதிர்ப்புக்குப் பின் தொடர்ந்தன. அவற்றுக்கும் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களையே வைத்தார்கள். குழந்தையின் முதல் ஆசிரியரை இப்படி நடத்துவது தவறு.

பால்வாடி டீச்சருக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தர மனமில்லை என்று சொல்ல முடியாது. நேரம்தான் இல்லை: எடை பார்ப்பது, கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் 320 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில மையங்களில் அரைநாள் பணிக்கு இன்னொருவரைச் சேர்த்தார்கள். அங்கே கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. இந்தத் தீர்வுக்கு நகரம், கிராமம் என்ற பிரிவு தேவையில்லை.

அரசு முதலில் இந்த இரண்டாவது ஆளை எல்லா மையங்களிலும் நியமிக்கட்டும். பேரூராட்சிப் பால்வாடிகளுக்கென்று தனிக் கட்டட நிதியும் ஒதுக்கட்டும். வேலூர், பொத்தனூர்ப் பெற்றோர் இவ்விரண்டையும் தங்கள் வார்டு உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.