மனோரா: கோட்டையா, வெற்றித்தூணா? – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தஞ்சை மாவட்டத்தின் தென்கடற்கரையில், சரபேந்திரராசன்பட்டினத்தில் அமைந்துள்ளது மனோரா. அறுகோண வடிவில் எட்டு அடுக்குகளாக எழுந்து நிற்கும் இக்கட்டடத்தை எழுப்பியவர் இரண்டாம் சரபோஜி (1798–1832). ‘மினார்’ என்னும் சொல்லின் மருவே ‘மனோரா’ என்பர். வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதன் நினைவாக எழுப்பப்பட்ட கோட்டை என்பதே இதுகுறித்துப் பரவலாக வழங்கும் விளக்கம். இவ்விளக்கத்தில் ‘வாட்டர்லூ’, ‘கோட்டை’ ஆகிய இரண்டு சொற்களும் மறுபரிசீலனைக்கு உரியன.

கல்வெட்டும் காலமும்

மனோராவின் ஆங்கிலக் கல்வெட்டு தரும் ஆண்டு 1814. வாட்டர்லூப் போர் நிகழ்ந்ததோ 1815 ஜூன் 18இல். நடவாத போருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப இயலாது. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டதையே கல்வெட்டு கூறும் ‘வீழ்ச்சி’ எனக் கொள்வது பொருந்தும். கண்ணெதிரே கல்லில் ஆண்டு இருக்க, பின்னர் புகழ்பெற்ற ஒரு போரின் பெயரை அதன்மேல் ஏற்றிக் கூறுவது, மூலச்சான்றினும் வழிவழிக் கூற்றை நம்பும் நம் ஆய்வுப் பழக்கத்தையே காட்டுகிறது.

கோட்டை என்னும் வடிவம்

அக்கல்வெட்டு இக்கட்டடத்தைத் தூண் என்றே குறிக்கிறது. ஆனால் மதிலும் அகழியும் இதற்குக் கோட்டையின் தோற்றத்தைத் தருகின்றன. உரோமர் இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அமைத்தனர். பிரித்தானியாவில் ஏட்ரியன் மதிலை ஒட்டிய எல்லைக் கோட்டைகள் படைவீரர் தங்கிக் காவல் புரிந்த இடங்கள். இன்றைய ருமேனியாவின் ஆடம்கிளிசியில் கி.பி. 109இல் திராயான் எழுப்பியதோ வெற்றிச்சின்னம். முன்னது எல்லையைக் காத்தது. பின்னது வென்றவர் யார் என்பதை அறிவித்தது.

மனோரா இவ்விரண்டிலும் அடங்கவில்லை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. சரபோஜிக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுத்தொகையும், வருவாயில் ஒரு பங்குமே. எனவே, காப்பதற்கு எல்லையில்லாத மன்னர் கோட்டை வடிவில் கட்டினார். தாம் வெல்லாத போருக்கு வெற்றித்தூண் நிறுத்தினார்.

இதனைக் கம்பெனிக்குக் காட்டிய விசுவாசம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. இதே மன்னரே 1803இல் போன்சலே மரபின் வரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மராத்தியில் நெடுங்கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தவர். அங்கே தம் குலத்தின் பெருமை பேசப்படுகிறது. இங்கே பிறர் வெற்றி பேசப்படுகிறது. எனினும் மனோராக் கல்வெட்டு சரபோஜியைக் குடிமகனாகவோ பணியாளராகவோ சுட்டாமல், ஆங்கிலேயரின் நண்பர், கூட்டாளி என்றே சுட்டுகிறது. கூட்டாளி என்பது அரசர் அரசரோடு கொள்ளும் உறவைக் குறிக்கும் சொல். ஆட்சியை இழந்த பின்னரும் அரசர் என்னும் தகுதியை விட்டுக்கொடாத குரலை இதில் கேட்க இடமுண்டு.

முடிவுரை

மனோராவை வாட்டர்லூவின் நினைவாக வாசிக்கும்போது அது ஐரோப்பிய வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. 1799, 1803, 1814 என்னும் மூன்று ஆண்டுகளையும் சேர்த்து வாசிக்கும்போது அது தஞ்சை வரலாற்றின் ஆவணமாகிறது. மதில் சிதைந்தால் செப்பனிட்டுக்கொள்ளலாம்; பிழையான வாசிப்போ பாடநூல்களின் வழியே தலைமுறைகளுக்குக் கடத்தப்படும். அதனைத் திருத்தும் பொறுப்பு ஆய்வாளருடையது.