பாராட்டு போதும், ஸ்கோர்கார்டு எங்கே?

2025 நவம்பர் 23 அன்று கொழும்பில் பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. தீபிகா தலைமையிலான இந்திய அணி நேபாளத்தை 7 விக்கெட்டில் ஜெயித்தது. அதைப் பற்றிக் கண்ணில் பட்ட செய்திகளையும் பதிவுகளையும் உட்கார்ந்து படித்தேன். இருள், ஒளி, தன்னம்பிக்கை, சாதனை. இந்த நாலு சொல்லைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். மேட்ச் என்ன ஆச்சு என்பதை மட்டும் காணோம்.

நேபாளம் 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 114 எடுத்தது. அதில் பவுண்டரி ஒன்றே ஒன்று. அப்புறம் 114 எப்படி வந்தது? வழக்கமான கிரிக்கெட்டாக இருந்தால் டீக்கடையிலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கும். நான் படித்த எதிலும் எழவில்லை. என் குறையே இதுதான். நாம் இந்த வீரர்களைப் பாராட்டுகிறோம், ஆனால் அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கேள்வியே கேட்க வரும். பதினோரு பேரில் குறைந்தது நாலு பேர் பி-1, அதாவது முழுப் பார்வையிழப்பு உள்ளவர்கள். குறைந்தது மூன்று பேர் பி-2. ஓரளவு பார்வை உள்ள பி-3 பிரிவினர் நாலு பேருக்கு மேல் கூடாது. பி-1 வீரர் ஒரு ரன் எடுத்தால் கணக்கில் இரண்டு. ஃபோர் அடித்தால் எட்டு. அவர் ஒரு பிட்ச் ஆன பிறகு பந்தைப் பிடித்தாலும் கேட்ச்தான்.

"பாவம், சலுகை" என்று இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் கண்ணுக்கு இது நல்ல வடிவமைப்பு. நாலு பேர் கட்டாயம் என்று மட்டும் விதி இருந்தால், கேப்டன் அவர்களைக் கடைசியில் இறக்கி ஒப்பேற்றிவிடுவார். ரன் இரட்டிப்பு என்றதும் அவர்களை எப்போது இறக்குவது, எதிரணியின் பி-1 ஜோடியை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தே ஆகவேண்டும். ஒரே விதியில் கணக்கு முழுக்க மாறிவிடுகிறது.

பந்துவீச்சும் அப்படித்தான். எங்கள் சேலம் பக்கம் யார்க்கர் என்றால் சின்னப்பம்பட்டி நடராஜன். காலடியில் வந்து குத்தும் அந்தப் பந்து இங்கே நோ-பால்! கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும், பிட்சின் பாதிக்கு முன்பே பந்து தரையில் பட்டாக வேண்டும். பந்துக்குள் குண்டுமணிகள் இருக்கும். காற்றில் வரும் பந்தைவிடத் தரையில் ஓடிவரும் பந்து நன்றாகக் கேட்கும். அது தாழ்ந்து வருவதால்தான் இந்த ஆட்டத்தில் ஸ்வீப் ஷாட்டுக்கு அவ்வளவு மவுசு. வீசும் முன் பவுலர் "ரெடி?" என்பார், பேட்டர் "யெஸ்" என்பார், பந்து கையைவிட்டுப் போகும்போது "ப்ளே". இந்த மூன்று சொல்லும் சரியாகக் கேட்காவிட்டால் ஆட்டமே இல்லை.

அப்படிப்பட்ட ஆட்டத்தின் வீடியோவை எடுத்து, சத்தத்தை அணைத்து, சோக வயலினோ அதிரடி மேளமோ போட்டுச் சுற்றில் விடுகிறோம். ஆட்டத்தின் பாதியை அப்போதே அழித்தாயிற்று.

இது நேற்று முளைத்த விளையாட்டும் இல்லை. 1922-ல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆடத் தொடங்கியது. இந்தியாவில் ஜார்ஜ் ஆபிரகாம் முயற்சியில் 1990-ல் தேசியப் போட்டி வந்தது. ஆண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1998-ல் டெல்லியில் நடந்தது. இரண்டாவது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில், 2002-ல். இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை வீழ்த்திக் கோப்பையை வாங்கியது பாகிஸ்தான். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

விருதுகள் வராமல் இல்லை. 2012-ல் டி20 கோப்பை வாங்கித் தந்த கேப்டன் சேகர் நாயக்குக்கு 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அஜய் குமார் ரெட்டிக்கு அர்ஜுனா விருது. ஆனால் இவர்களுக்கு எந்த ஷாட் பலம், எந்தப் பந்தில் தடுமாறுவார்கள் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? கோலியைப் பற்றிக் கேட்டால் பத்து வயசுப் பையன் சொல்லுவான்.

"உற்சாகமூட்டும் கதையாவது வருகிறதே, அதையும் ஏன் குறை சொல்ல வேண்டும்?" என்று கேட்கலாம். அந்தக் கதை கோப்பை வந்த வாரத்தோடு முடிந்துவிடும். ஆட்டத்தின் மேல் வரும் ஆர்வம்தான் அடுத்த தொடருக்கும் ஆளைக் கூட்டி வரும். ஆள் வந்தால்தான் ஸ்பான்சர், சம்பளம், மைதானம் எல்லாம். இரக்கத்தை நம்பி எந்த விளையாட்டு வீரரும் பிழைக்க முடியாது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்கோர்கார்டில் பெயருக்குப் பக்கத்தில் பி-1, பி-2, பி-3 என்று போடுங்கள். இரட்டிப்பில் வந்த ரன் எத்தனை, எக்ஸ்ட்ரா எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள். வீடியோவில் பந்தின் சத்தத்தை அப்படியே விடுங்கள். முக்கியமாக, மோசமாக ஆடினால் மோசமாக ஆடினார் என்றே எழுதுங்கள். திட்டக்கூட மனசு வராத ஆளை நாம் இன்னும் ஆட்டக்காரராக மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.