நாகலாபுரத்து நாட்குறிப்பு

‘உன் கதையை நீயே எழுது’ என்ற குரல் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் கேட்கிறது. வேலை நிலையில்லை, பருவம் நிலையில்லை, எந்த நோய் எப்போது வரும் என்றும் தெரியவில்லை; வாழ்க்கையை ஒரு கதையாகக் கட்டிக்கொண்டால் கால் ஊன்ற இடம் கிடைக்கும் என்கிறார்கள். அதற்கு இலக்கணமும் வகுத்துவிட்டார்கள். நாயகன் நீதான், பட்ட துயரம் திருப்புமுனை, கடைசியில் மீட்சி. இத்தகைய மீட்சிக் கதைகளை ஆராய்ந்த உளவியலாளர் டான் மக்கடம்ஸ், இவை அமெரிக்கர்கள் பற்றிக்கொண்டு வாழும் கதைகள் என்று தம் நூலின் தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார். அந்தத் தலைப்பை விட்டுவிட்டு வாய்பாட்டை மட்டும் நாம் வாங்கிக்கொண்டோம்.

இதற்குத் துணையாக இலக்கியக் கூட்டங்களில் இன்னொரு பேச்சும் உலவுகிறது. கரிசல் எழுத்து ஊர்க்கதை, வட்டார வழக்கு, நாட்டார் தொகுப்பு என்று போய்விட்டதாம். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதற்குத் தெரியாதாம். இரண்டு கூற்றுகளுமே பிழை என்று நினைக்கிறேன். புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று விரியும் இந்தக் கறுப்பு மண் நிச்சயமின்மையைப் புதிதாகக் கண்டு திகைத்த மண் அல்ல. இங்கே மானாவாரி வெள்ளாமை செய்யும் சம்சாரி மழை வருமுன்பே புழுதியில் விதையைப் போட்டுவிடுகிறார். முளைப்பதும் கருகுவதும் ஐப்பசி மேகத்தின் கையில். முடிவு தெரியாமலேயே தொடங்குகிறவர்கள் தங்களைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று பார்க்காமல், இவர்களுக்குத் தன்வரலாறு இல்லை என்று சொல்வது அநியாயம்.

இந்த மண்ணில் தன்வரலாறு சொன்ன முன்னோடிகள் எல்லோரும் அறிந்தவர்கள்தான். எட்டயபுரத்துப் பாரதி 1910இல் ‘ஸ்வசரிதை’யைச் செய்யுளாக வெளியிட்டபோது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை, புதுவையில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்துகொண்டிருந்தார். தகப்பனார் சின்னசாமி அய்யர் எட்டயபுரத்தில் தொடங்கிய பஞ்சாலை நொடித்ததும், அந்த வீழ்ச்சியோடு அவர் வாழ்வு முடிந்ததும் அந்தப் பாட்டின் அடியில் கிடக்கும் காயம். கரிசல் தந்த பருத்தியே கரிசல் குடும்பத்தைக் கவிழ்த்தது. பிற்பாடு எழுதிய ‘சின்னச் சங்கரன் கதை’ முடிவு பெறாமலே நின்றுபோனது. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் தம் கதையை அகவலாகவே சொன்னார். ஒருவர் நாடுவிட்டு ஒதுங்கியிருந்தவர், மற்றவர் சிறை கண்டவர். இருவருமே வாழ்க்கை ஒரு வடிவத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நான் நிற்க விரும்பும் இடம் அடுத்தது. புதூருக்கு அடுத்துள்ள நாகலாபுரத்தில் வாழ்ந்த மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). நாடக மேடைக்குப் பாட்டெழுதியவர். சுதந்திரப் பாட்டுகளை ஊர் ஊராகப் பரப்பியவர். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்கும் பாட்டெழுதியவர். நாடகத் தியாகி விஸ்வநாததாஸின் குரலில் அவர் பாடல்கள் தென்மாவட்டங்களில் ஒலித்தன. இத்தனைக்கும் மேலாக, 1917 தொடங்கி 1951 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். நாடகக்காரரான பேரன் ச. முருகபூபதி அதைத் தொகுத்து நூலாக்கினார். தமிழில் தன்வரலாறு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நூலைத் தொடாமல் கடந்துபோவது எனக்குத் தீராத வருத்தம்.

அந்தக் குறிப்புகளில் நாயகன் கிடையாது. இன்று எந்த ஊர், யாரைச் சந்தித்தார், யாருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார், கைக்கு வந்தது என்ன, கையைவிட்டுப் போனது என்ன என்று துண்டு துண்டான வரிகள். அவற்றை எழுதியவர் நின்ற இடத்தை எண்ணிப் பாருங்கள். இசை நாடகத்தின் காலம் கண்ணெதிரே சரிகிறது. கிராமபோன் வருகிறது, பேசும் படம் வருகிறது, ஓர் உலகப் போர் முடிந்து இன்னொன்றும் வந்து போகிறது, வெள்ளையன் வெளியேறுகிறான். ஒவ்வொரு நாடகத்துக்கும் தனியாக அழைக்கப்படும் ஸ்பெஷல் நாடகக்காரருக்கு அடுத்த மாதம் அரங்கு கிடைக்குமா என்பதே தெரியாது. அப்படிப்பட்டவர் தன் தொழிலின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு பெருங்கதை கட்டவில்லை. நாளைக் குறித்தார், மறுநாளையும் குறித்தார். 34 ஆண்டுகள். சேர்த்து வாசிக்கும்போது ஒரு மனிதனோடு ஒரு காலமே எழுந்து நிற்கிறது, ரயிலடியும் ராத்திரி அரங்கும் சக கலைஞர்களுமாக. தன்னைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இதே குணம் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிலும் இருந்தது. 1923 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு எழுத்தாள நண்பர்கள், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை போனார், 1950களில் கோலாலம்பூர் ‘தமிழ்நேசன்’ நாளிதழ் வரை போனார், 1970இல் 46 வயதில் போய்ச் சேர்ந்தார். தன்வரலாறு எழுத அவருக்கு வயசு வாய்க்கவில்லை. ஆனால் கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாகியிருக்கின்றன. ஊர் ஏக்கம், சங்கீதம், புத்தகம், கைப்பணம் இல்லாத கஷ்டம் எல்லாம் ஒரு நண்பனிடம் சொல்வதாகவே இருக்கிறது. சொல்லப்படுகிறவன் ஒருவன் எதிரே இருப்பதால் அங்கே பொய்ப் பெருமைக்கு இடமே இல்லாமல் போகிறது.

கி.ரா. தன்னைச் சொல்ல வந்த இடங்களிலும் ஊரைத்தான் முதலில் அழைத்தார். ‘கோபல்ல கிராம’த்தில் (1976) ஒரு குடியின் இடப்பெயர்வுக் கதை 137 வயசுப் பூட்டி மங்கத்தாயாரம்மாள் வாயிலிருந்து வருகிறது, ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்கிறவள் பூட்டி. பிறகு வார இதழில் கடுதாசியாக எழுதினார். கடைசிக் காலத்தில் வந்த தொகுப்புக்குப் பெயரே ‘மிச்சக் கதைகள்’. 2021 மே மாதம் அவரை அரசு மரியாதையோடு இடைசெவலில் வழியனுப்பினோம். அதன்பின் வந்த கொண்டாட்டங்களில் அவர் இனிமையான கதைசொல்லித் தாத்தாவாகச் சுருங்கிப்போனார் என்பதுதான் என் குறை. காசநோயோடும் வறட்சியோடும் மல்லுக்கட்டிய சம்சாரியை அந்த இனிமை மறைத்துவிட்டது.

அந்த இனிமையை உடைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பூமணியின் நாவல் ‘பிறகு’ (1979), சக்கிலியர் குடியிருப்பின் அழகிரியை வைத்துச் சுதந்திரத்துக்குப் பிந்தைய கரிசலை எழுதியது. ‘அஞ்ஞாடி’ (2012), 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கொள்ளையையும் குடும்பக் கதைகளுக்குள் கொண்டுவந்தது. சோ. தர்மன் ‘சூல்’ நாவலில் உருளைக்குடிக் கண்மாயையே ஊரின் உயிராக்கினார். கரிசலின் மேற்கு விளிம்பில், மலையடிவாரத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமாவின் ‘கருக்கு’ (1992) இவை எல்லாவற்றையும்விட என் வாதத்துக்கு நெருக்கமானது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி, கையில் வேலையில்லாமல், அடுத்து என்ன என்று தெரியாத நாளில் எழுதப்பட்ட புத்தகம் அது. பிறந்தது வளர்ந்தது என்று வரிசையாகப் போகாது. ஊரிலிருந்து தொடங்கும், வேலை, விளையாட்டு, சாமி, சாதிச்சண்டை என்று ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும். மீட்சி என்று மார்தட்டாது. அதைத் துயரத்தை வென்ற பெண்ணின் வெற்றிக்கதையாகப் பாடம் நடத்துகிறவர்கள் புத்தகத்தைக் கைவிட்டுவிட்டு வாய்பாட்டைப் படிக்கிறார்கள்.

கரிசலில் இனி எழுத வருகிற பிள்ளைகளுக்கு என் விண்ணப்பம் நாட்குறிப்பும் கடுதாசியும்தான். பெருநாவலும் விருதும் வரும்போது வரட்டும். புதூர்ப் பக்கம் வயசாளிகள் பிறந்த வருசத்தைப் பஞ்சத்தை வைத்தும் பெருமழையை வைத்தும் சொன்னார்கள். 1876 தாது வருசப் பஞ்சம் குடும்பப் பேச்சில் ஒரு மைல்கல்லாகவே நின்றது. அந்தப் பேச்சில் சொந்தக் கதையும் ஊர்க்கதையும் பிரிந்து நிற்கவில்லை. இப்போது பருத்தி போன பிஞ்சையில் மக்காச்சோளம் நிற்கிறது. 2018இல் படைப்புழு வந்து அதன் குருத்தைத் தின்றது. தரிசில் வேலிக்கருவை மண்டி, வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். பையன்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவன் எத்தனை மணிக்கு ஏறினான், பையில் என்ன இருந்தது, கம்பெனியில் முதல் வாரம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தால் போதும். அர்த்தத்தை அவன் இன்றே கண்டுபிடித்தாக வேண்டியதில்லை.

எழுதுகிறவர்கள் இல்லாமலும் இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரில் தொங்கும் காலண்டரின் கட்டத்துக்குள் பேனாவால் கிறுக்கியிருப்பார்கள்: உழவு மழை பெய்த நாள், மாடு சினைக்குப் போட்ட நாள், விதைக்கு வாங்கிய கடன், தீப்பெட்டி ஒட்டிய கணக்கு. பெரும்பாலும் பெண்களின் கையெழுத்து. தை பிறந்ததும் புதுக் காலண்டர் மாட்டுகிறார்கள். பழசு அடுப்பு மூட்டவோ அலமாரித் தட்டில் விரிக்கவோ போய்விடுகிறது. பாஸ்கரதாஸின் நோட்டுகளைக் காப்பாற்ற ஒரு பேரன் இருந்தார். இந்தக் காலண்டர்களை வாங்கி வைக்கப் புதூரிலோ விளாத்திகுளத்திலோ ஒரு நூலகம் ஓர் அலமாரியை ஒதுக்கித் தர வேண்டும். இந்தத் தைக்கு முன்பே கேட்கப் போகிறேன்.