காப்புக் கட்டும் மஞ்சள் பூ

அன்னூர், பல்லடம், காங்கேயம் என்று கொங்கு மண்ணில் எந்தப் பக்கம் போனாலும் வேலியோரம் ஆவாரஞ்செடி நிற்கும். தண்ணீர் ஊற்றுவாரில்லை, உரம் வைப்பாரில்லை. ஆனாலும் கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் 'ஆவிரை' என்பது இதுதான்.

பொங்கலுக்கு முதல் நாள் இங்கே காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு முகப்பிலும் கட்டுத்தரையிலும் காட்டிலும் செருகுவார்கள். நோய்நொடி அண்டக்கூடாது என்ற வேண்டுதல் அது. வேண்டுதலுக்கு மருந்துச் செடிகளையே தேர்ந்தெடுத்த அறிவை என்னவென்று மெச்சுவது!

சித்த மருத்துவத்தில் ஆவாரையின் பூ, இலை, காய், பட்டை, வேர் ஐந்துமே மருந்து. நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் பேர்போனது. வீட்டு வைத்தியமோ இன்னும் எளிமை. நிழலில் உலர்த்திய பூவைப் பச்சைப்பயறோடு அரைத்துத் தேய்த்துக் குளித்தால் வியர்வை நாற்றம் போகும், மேனி மினுங்கும் என்பார்கள் அப்பத்தாக்களும் அமுச்சிகளும். உடல் சூட்டுக்குப் பூவைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பார்கள். பாசிப்பருப்போடு கூட்டும் வைப்பார்கள். வெயிலில் காட்டுவேலை செய்பவர்கள் தழையைத் தலையில் வைத்துத் துண்டைக் கட்டிக்கொள்வதுண்டு. துவர்ப்பு மிகுந்த பட்டை, தோல் பதனிடவும் பயன்பட்டது.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கஷாயம் குடிக்க வேண்டும். மற்றபடி, வாசலோரம் ஒரு ஆவாரைக்கு இடம் கொடுங்கள். அழகும் மருந்தும் ஒரே செடியில் கிடைக்கும்போது அதைக் களையென்று வெட்டக்கூடாது.