சுற்றுக்கு நடுவே

சேலை எடுக்க வருகிறவர்கள் கரையைப் பார்ப்பார்கள், முந்தியைப் பார்ப்பார்கள், அப்புறம் விலையைப் பார்ப்பார்கள். அந்தக் கரை நெளியாமல் ஓடக் காரணமான பொருள் ஒன்று கடைக்கு வருவதே இல்லை. நீளவாட்டு இழைகளான பாவைத் தறியின் உருளையில் ஏற்றும்போது சுற்றுக்கு நடுவே கொடுக்கிற காகிதமோ மூங்கில் பிளாச்சோ தறியோடு நின்றுவிடுகிறது.

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி, சுங்குடிக்கும் ஆர்ட் சில்க் எனும் செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பேர்போன ஊர். பருத்தி நூலில் பிசிர் உண்டு, இழையை இழை பற்றிக்கொள்ளும். ஆர்ட் சில்க்கோ வழவழவென்று நழுவும். நடுவில் எதுவும் கொடுக்காமல் நீளப் பாவைச் சுற்றினால் மேல்சுற்று இழைகள் கீழ்ச்சுற்றுக்குள் புதையும். ஓரத்து இழைகள் சரிந்து இறங்கிவிடும்.

இறங்குவது நூலளவுதானே என்று விட முடியாது. நடுப்பகுதியைவிட ஓரம் 1 மி.மீ. தாழ்ந்தால், ஒரு சுற்றுக்கு 6 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளம் குறைகிறது. அதே தாழ்வு 30 சுற்றுக்கு நீடித்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 19 செ.மீ. நெய்யும்போது ஓரம் விறைத்து அறும், நடுப்பகுதி தொய்யும். நெசவாளியின் கை எவ்வளவு தேர்ந்ததானாலும் இதைச் சரிக்கட்டுவது பெரும்பாடு.

எதைக் கொடுப்பது? வடமதுரை, வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் நிறைய. நூல் கோன்கள் வரும் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் நெளி அட்டை சும்மா கிடைக்கும். குட்டைப் பாவுக்கு ஒப்பேற்றலாம், நீளப் பாவுக்கு ஆகவே ஆகாது. 3 மி.மீ. அட்டையென்றால் பத்தே சுற்றில் உருளையின் சுற்றளவு 19 செ.மீ. போல ஏறிவிடும். போதாததற்கு நெளிவுகள் அங்கங்கே நசுங்கி, பாவின் விறைப்பை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். செய்தித்தாளில் மையும் ஒட்டும், தாளும் கிழியும்.

மூங்கில் பிளாச்சு வேறு ஜாதி. நசுங்காது, ஓரம் மடங்காது, பாவுக்குப் பாவு திரும்ப எடுக்கலாம். ஸ்வீடன் தறிகளில் மெல்லிய மரப்பட்டிகள் இதே வேலையைச் செய்கின்றன. ஜப்பானிய நெசவாளிகள் மூங்கிலையும் தடித்த காகிதத்தையும் கொடுக்கிறார்கள். ஆனால் பிளாச்சை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும். ஒரு சிலாம்பு போதும், மெல்லிய இழை மாட்டிக்கொள்ளும். முதல் சுற்றில் நெருக்கமாக வைக்க வேண்டும், பிறகு சுற்றுக்குச் சில போதும். இடைவெளி தாறுமாறானால் உருளை வட்டம் இழந்து மூலை மூலையாகத் தட்டும்.

நீளமான, நெருக்கமான பாவுக்கு விறைப்பான பிரவுன் பேப்பரே உத்தமம். விரலால் சுண்டினால் மொடமொடவென்று சத்தம் வர வேண்டும். பாவின் அகலத்தைவிட இருபுறமும் ஓரங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஓரத்துக்கு வலு வேண்டுமென்று அதை மடித்துவிடக் கூடாது. மடித்த இடம் இரட்டைத் தடிமனாகி ஓரத்தைத் தூக்கிவிடும். துண்டு துண்டாகக் கொடுப்பதானால் தாளும் தாளும் சேரும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நேரில் வந்துவிடாமல் தள்ளித் தள்ளி வைப்பார்கள். கஞ்சி போட்ட பாவு நன்றாகக் காய்ந்த பிறகே உருளைக்கு ஏற வேண்டும். ஈரம் இருந்தால் தாள் நெகிழ்ந்துவிடும்.

பாவு தீரத் தீர உதிரும் தாள்களைச் சுருட்டி வைத்தால் அடுத்த பாவுக்கும் வரும். ஓரம் கசங்கியதை மட்டும் கழித்துவிட வேண்டும், அல்லது வெட்டி அகலம் குறைந்த பாவுக்கு ஒதுக்க வேண்டும்.